பதினேழாவது கேள்வி

ஒரு படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
கிளிப் அட்டையும் கறுப்புக் குடையுமாக
மூன்று நாளாய் வடசென்னையில் அலைகிறேன்.
பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை:
தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி, மனசு.
பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்,
அடுப்புகள்தான் வேறு வேறு.
ஒப்பிட வேண்டுமாம்.

காசிமேட்டில் நிக்சன்.
ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?
"கிளாஸ்ல தூங்குறதும் சேருமாக்கா?"
இரண்டரைக்கு ஏலம்.
அதற்குள் மாமாவுக்கு
ஐஸ் உடைத்துக் கொட்டியாக வேண்டும்.
வாரத்தில் எத்தனை முறை மீன் என்றபோது மட்டும்
வாய்விட்டுச் சிரித்தான்.

தங்கசாலைத் தெருவில் பூர்வி.
பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு.
உருளை இல்லை, வெங்காயம் இல்லை,
ஒன்பது மணிக்கு மேல் நொறுக்குத்தீனி இல்லவே இல்லை.
படிவத்தைப் பார்த்தால்
நூறு வயது இருப்பாள்.
பள்ளிக் கேன்டீன் பக்கம் போவதில்லை என்றாள்,
போகாததால் இப்போது யாரும் கூப்பிடுவதுமில்லை.
அதற்கொரு கட்டம் தேடினேன்.

வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன்
அத்தோவுக்கு முட்டைகோஸ் சீவியபடியே
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.
பச்சைக் காய்கறி? தினமும்.
தின்பதா, சீவுவதா என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

மண்ணடியில் நாலு மாடி, லிஃப்ட் கிடையாது.
தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு
சஃப்வான் முன்னால், குடையோடு நான் பின்னால்.
உடற்பயிற்சி உண்டா என்று
மூச்சு வாங்கக் கேட்டேன்.
"இப்ப பண்றது என்னவாம்?"

வராந்தாவில் உட்கார்ந்து
பதினாறு கேள்விகளைக் கடகடவென்று முடித்தான்.
பதினேழாவது:
சென்ற வாரம், காரணம் தெரியாமல்
அழவேண்டும் போலிருந்ததா?

பென்சில் நின்றது.
கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
"அக்கா, பக்கத்துத் தெருவுல
எவனாச்சும் ஆமான்னு போட்ருக்கானா?"

சொல்லக்கூடாது.
ரகசியம் காக்கப்படும், பத்தி மூன்று,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அட்டையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.
அவன் சுமந்த தண்ணீரிலேயே ஒரு டம்ளர் கேட்டு
உள்ளே போனேன்.
மெதுவாகக் குடித்தேன்.
இன்னொரு டம்ளர் கேட்டேன்.

திரும்பி வந்தபோது
தாள்கள் கொஞ்சம் கலைந்திருந்தன,
துறைமுகக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.
அவன் தாளில் பதினேழுக்கு நேரே
அழுத்தி அழுத்தி ஒரு டிக்.
பென்சில் முனை ஒடிந்திருந்தது.