முளைக்குச்சிகள்

லட்லோவில் மார்ச் மாதத்துக்கு
இரண்டே நிறங்கள்:
ஈரம், இன்னும் காயாத ஈரம்.
ரயில் வரப்போகிறது என்று
ஊர் ஒரு வருடமாய்த்
தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

கோர்வ் ஆற்றங்கரையில்
டோர்கஸ் கார்ஃபீல்ட், வயது முப்பத்தொன்பது,
நாற்பத்திரண்டு பேரி மரங்களுக்கு உரிமைக்காரி.
ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குத்
தேநீர் கொடுப்பாள்.
நாற்காலி கொடுக்கமாட்டாள்.

ஆம்ப்ரோஸ் டெனட், நில அளவையாளன்.
வலது கையில் எப்போதும் தோலுறை.
கேட்டால் குளிர் என்பான்.
போன ஜூலையிலும்
குளிர் என்றுதான் சொன்னானாம்.

பதினாறு முளைக்குச்சிகள்,
தலையில் சிவப்புத் துணி கட்டி,
தோட்டத்தின் குறுக்கே அடித்துவிட்டுப் போனான்.
மறுநாள் வந்தால்
பதினாறும் வாசற்கதவோரம்
விருந்து மேசைக் கரண்டிகள்போல
வரிசை பிசகாமல் கிடந்தன.

அவன் கதவைத் தட்டவில்லை.
சட்டம் தன் பக்கம் என்று
சட்டைப்பையில் இருந்த காகிதத்தை நீட்டவில்லை.
எடுத்தான். திரும்ப அடித்தான்.
ஜன்னல் திரை அசையாமலிருக்க
அவள் பட்ட பாடு
அந்தத் திரைக்குத்தான் தெரியும்.

இப்படிப் பதினோரு நாள்.
வாய்ச்சண்டை போட்டிருந்தால்
ஒரு மத்தியானத்தில் தீர்ந்திருக்கும்.
இவர்களோ மரியாதைக்காரர்கள்.
மரியாதைக்கு ஆயுசு கெட்டி.

பன்னிரண்டாம் இரவு மழை கொட்டியது.
விடிந்ததும் வாசலில் குச்சிகள் இல்லை.
தேடிப் போனான்.
கொட்டகைக்குள், சாக்கில் சுற்றி, நனையாமல்.
துணிகளைத் தனியே அவிழ்த்து
மடித்து வைத்திருந்தாள்.
ஒன்றை எடுத்தான்.
அடுப்பின் சூடு இன்னும் அதில் இருந்தது.

ஒரு முடிச்சுப் போட
அத்தனை நேரம் ஆகாது.
அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்,
திரைக்குப் பின்னால் அல்லாமல்
முதல் தடவையாக.

"மிஸ் கார்ஃபீல்ட், பாதை மாறாது.
தோட்டத்தைச் சுற்றி இன்னொன்று
வரைந்து பார்த்தேன். மூன்று ராத்திரி.
மேட்டில் போய் முட்டுகிறது."

தோற்றதை
அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு நாளாய்த் தீட்டிய
ஒரு சொற்பொழிவு அவளிடம் தயாராய் இருந்தது.
வாய்வரை வந்து
எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.
"கோடியில் நிற்கும் மரம்
என் தங்கை நட்டது" என்றாள்.
தங்கை எங்கே என்று அவன் கேட்கவில்லை.
தொப்பியைக் கழற்றினான்.

இதைக் காதல் என்று எழுத
எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்.
சேற்றில் நின்று இரண்டு பேர்
ஒரு மேட்டைப் பற்றிப் பேசினார்கள்.
அவ்வளவுதான் நடந்தது.
ஆனால் அன்றைக்கு அவள் வீட்டில்
ஒரு நாற்காலி
சுவரைவிட்டு நகர்ந்தது.

கடைசி முளை
அந்தக் கோடி மரத்தடியில்.
அவன் தோலுறையை உருவினான்.
வெந்து ஒட்டிய தோல்,
மடங்காத இரண்டு விரல்.
"என் கை குறி தப்பும்" என்றான்.
"தெரியும்" என்றாள்.
"தினமும் பார்த்தேனே."

பாவாடை ஈரமாவதைப் பாராமல்
மண்டியிட்டாள்.
பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன
இரண்டு கையாலும்
முளையை நிமிர்த்திப் பிடித்தாள்.

சுத்தியல் மேலே போனது.
அவள் கண்ணை மூடவில்லை.