மூன்று ஓட்டை

கதவைச் சாத்தினால் களக் என்றது.
எழுபதாம் வருஷத்து ஹெரால்டு;
டெஸ்மண்டுக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி.

கைப்பிடியைக் கழற்றி, ஸ்பூன் காம்பால் நெம்பி
அட்டையை எடுத்தேன்.
அடிப்பக்கம் டீயில் ஊறிய பொறை.
மேலே ரெக்சின் மட்டும்
ஒன்றும் தெரியாத முகத்தோடு.
உள்ளே நாலு விரல் தண்ணீர்.

கண்ணாடியோரம் மழை இறங்காமல் இருக்க
என்ன ரப்பர் போடலாம்?
காசிமேட்டில் மீன் வண்டிகளுக்கு டிங்கர் பார்க்கும்
அன்வர்தீன் சிரித்தான்:
"எறங்கத்தான் செய்யும். வெளிய போவ வழி வுடு."

கதவின் அடியில் மூன்று ஓட்டைகள்.
குடைக்கம்பியால் குத்தினேன்.
வேப்பங்காம்பு, கடல்மணல்,
பஸ் டிக்கெட் ஒன்றின் கூழ்,
அப்புறம் பழுப்பாய், நிற்காமல்,
எருமை மூத்திரம் போவதுபோல்.

ஆவின் கவர்களைக் கழுவிக் காயவைத்து
ஓரங்களை அயர்ன்பாக்ஸால் ஒட்டி
அட்டைக்குப் பின்னால் திரை கட்டினேன்.
அதன் கீழ்நுனி கதவுக்குள் தொங்க வேண்டும்,
சொட்டுவது உள்ளேயே சொட்டி ஓட்டைக்குப் போக.
முதல் தடவை வெளியே விட்டுவிட்டு
மறுபடி பிரித்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கொருக்குப்பேட்டை முழங்கால் வரை.
எல்லாரையும்போல் வண்டியை
மேம்பாலச் சரிவில் ஏற்றிவிட்டு
உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்,
மடியில் ரேஷன் கார்டு, அரிசி, மிக்ஸி.
கதவுகள் வாங்கிய மழையை வாங்கிய கையோடு
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.
அட்டையைத் தட்டினேன்.
டம் டம். காய்ந்த சத்தம்.

விடியலில் கீழே
கார்ப்பரேஷன் ஆள் ஒருவர் தொடைத் தண்ணீரில் நின்று
மூங்கிலால் எங்கள் தெருவைக் குத்திக்கொண்டிருந்தார்,
மேன்ஹோல் தேடி.
"இன்னும் கொஞ்சம் லெப்ட்ல!" என்று கத்தினேன்.
அவர் நகர்ந்து குத்தினார்.
எனக்கும் தெரியாது.