சிவப்பு அட்டை

சேர்ந்த முதல் வாரமே
கார் பம்பரிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டச் சொன்னாள் கோரின்.
வெந்நீர், பழைய பிளேடு, அரைமணி நேரம்.
பெயர் போய்விட்டது.
பெயர் இருந்த நீள்சதுரம் மட்டும்
மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது.
அதையும் யாராவது படித்துவிடுவார்களோ என்று
கொஞ்சம் சேறு பூசி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஏரித் தெரு சலவைக் கடை.
ஒரு மடக்கு மேசை, நூலில் கட்டிய நான்கு பேனா,
படிவங்கள் பறக்காமலிருக்க ஒரு டப்பா பீன்ஸ்.
பதினாறு இயந்திரங்கள் சுழல்கின்றன.
துணி காயும்வரை யாரும் எங்கும் போக முடியாது.
எங்களிடம் உள்ள ஒரே தந்திரம் அது.

'நீங்க எந்தக் கட்சி?'
எந்தக் கட்சியும் இல்லை.
'அப்புறம் எதுக்கு இந்தக் குளிர்ல?'
ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடியபடி கேட்டாள் ஒருத்தி.
எனக்குப் பதில் கிடைக்கும் முன்
அவளுக்கு ஜோடி கிடைத்துவிட்டது. போய்விட்டாள்.

லோனி மட்டிலா மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.
'எனக்குக் கிடையாது. நான் உள்ளே இருந்தவன்.'
வெளியே வந்து?
'பதினோரு வருஷம்.'
வந்த அன்றைக்கே ஓட்டும் திரும்பிவிட்டது,
மிச்சிகனில் சட்டம் அப்படித்தான் என்றேன்.
அவர் விரல் மடக்குவது தெரிந்தது:
பள்ளிக்கூட வரி ஒன்று,
ஷெரிஃப் இரண்டு முறை,
ஆளுநர், அப்புறம் ஆளுநர்.
'யாரும் சொல்லலையே' என்றார்,
யார்மேலும் கோபமில்லாமல்.
உலர்த்தியின் மணி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு
பெரிய எழுத்துகளில் எழுதினார்.
மட்டிலாவின் இரண்டு 'டி'க்கும் சேர்த்து ஒரே குறுக்குக் கோடு.
'சரி, யாருக்குப் போடணும்?'
எங்கே, எத்தனை மணிக்கு,
எந்தக் கதவு, எந்த அட்டை,
எல்லாம் சொன்னேன்.
அதை மட்டும் சொல்லவில்லை.

அக்டோபரில் நூலகத்தின் நிலவறையில் வேட்பாளர் கூட்டம்.
நேரம் காட்டுவது என் வேலை.
பச்சை என்றால் பேசு.
மஞ்சள் என்றால் முப்பது நொடி.
சிவப்புக்கு விளக்கம் வேண்டாம்.

பெட்டியிலிருந்து கோரின் எடுத்த ஏழாவது சீட்டு
ஸ்டாக்கல் சாலை மதகைக் கேட்டது.
எழுதியவர் யாரோ. நானில்லை, சத்தியமாக.
ஆனால் அது என் வீட்டுக்குப் போகும் சாலை.
ஆறு வருடமாய்ப் பனி உருகும்போதெல்லாம்
தண்ணீர் ஏறி வந்து என் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறது.

சாலை ஆணையத்துக்கு நிற்கும் வெர்ன் ஹாக்கெட்
முதலில் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்,
பிறகு உப்பு விலையைப் பற்றி.
பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.
'உள்ளதைச் சொல்லிடறேன். அந்த மதகுக்கு ஒதுக்கின பணம்'

மடியிலிருந்த கடிகாரத்தில் சுழியம்.

கை தானாக உயர்ந்தது என்று சொல்ல ஆசைதான்.
இல்லை, நான்தான் உயர்த்தினேன்.
திறந்த வாயோடு அட்டையைப் பார்த்தார் அவர்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.
எதிராளிக்கும் அதே தொண்ணூறு நொடி.
அந்தம்மா அதை நன்றி சொல்லியே முடித்தார்.

கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கலாம்.
அறுபது நாற்காலிகளை அடுக்க வேண்டியிருந்தது.
மேலே ஏறி வந்தபோது
வெளியே நின்றது சேறு பூசிய ஒரே ஒரு கார்.

நவம்பர் செவ்வாய், பள்ளியின் கூடைப்பந்து அரங்கு.
வரிசையில் எனக்கு மூன்று தலை முன்னால் லோனி,
மடிப்புக் கலையாத சட்டை.
திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.
பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தைப் பாதி இழுத்துக் காட்டி
உள்ளே தள்ளிக்கொண்டார்.

அட்டைத் தடுப்புக்குள் நான் தனியாக.
சாலை ஆணையர் என்ற வரியில்
பேனா நின்றுவிட்டது.
அறுபட்ட அந்த வாக்கியத்தை
முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
இன்னொரு தடவையும்.

யாரும் அட்டை தூக்கவில்லை.