கடல் உலகம்: கூட்டக் குறிப்பு

கடல் இல்லாத ஊரில்
கடல் உலகம் என்று பெயர் வைத்தவன்
ஹிக்கடுவைக்காரன்.
நீர்த்தேக்கம் நிரம்பிய மறுவருடம் வந்தான்.
சுவர் முழுக்க நீலம் அடித்தான்.
திமிங்கிலம் ஒன்று, தென்னை நான்கு,
ஒரு வெளிச்சவீடு.
தலவாக்கலைக் குளிரில்
அந்தத் தென்னைகளுக்கு மட்டும்
வருடம் பூராவும் வெயில்.

டொலர் இல்லாத வருடம்
அலை எழுப்பும் மெஷின் நின்றது.
ராட்டினத்துக்குப் பெயாரிங் வரவில்லை.
டீசல் வரவில்லை.
பிறகு அவனும் வரவில்லை.

இன்று பிற்பகல் இரண்டரைக்குக் கூட்டம்.
விடயம்: கைவிடப்பட்ட காணியின் எதிர்காலம்.
பிரதேச சபை மண்டபம், மழை,
முப்பத்தொரு பேர், பதினேழு கதிரை.
குறிப்பெடுப்பவள் நான்.
தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுத வேண்டும்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரு சம்பளம்.

கொழும்புக் கம்பனி படம் காட்டியது.
நாற்பத்திரண்டு அறை, கண்ணாடித் தரை,
காலுக்கடியில் தண்ணீர்.
அந்தத் தண்ணீருக்கடியில்தான்
எனக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கிய கடை
(யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை).
படத்தில் மலை இருந்தது, தேயிலை இருந்தது.
லயம் இருக்கிற இடத்தில்
மூடுபனி வரைந்திருந்தார்கள்.

தோட்டத்துத் துரை எழுந்தார்,
காணி இன்னும் எங்கள் குத்தகை என்றார், உட்கார்ந்தார்.
நவ்ஷாத் முதலாளி வாகனத் தரிப்பிடம் கேட்டார்.
இளைஞர் கழகம் வொலிபோல் கோர்ட்.
பின்வரிசையில் ஒரு குரல்:
"வீட்டுக்கு ஏழு பேர்ச்சாப் பிரிச்சுக் குடுங்களேன்."
மண்டபமே சிரித்தது.
கேட்டவர் சிரிக்கவில்லை.
கோரிக்கையை எழுதினேன்,
சிரிப்புக்குப் படிவத்தில் இடமில்லை.

கிங்ஸ்லி, ராட்டினம் ஓட்டியவன்,
இன்னும் மாசக் கடைசியில் போய்
கையாலேயே கால் சுற்றுத் தள்ளிவிட்டு வருகிறானாம்.
"ஓடணும்னு இல்ல மிஸ்.
கழட்டுறதுன்னாலும் கழட்டுற மாதிரி இருக்கணுமில்ல?
துரு ஏறிட்டா வெட்டித்தான் எடுக்கணும்."
இதற்குச் சிங்களத்தில்
பராமரிப்பு என்று ஒரு சொல் போட்டேன்.
போதவில்லை. அடித்துவிட்டு
அதையே திரும்ப எழுதினேன்.

கடைசியாகத் தனபாக்கியம்.
இடுப்புப் படங்கை அவிழ்க்காமல் வந்திருந்தார்.
"எதிர்காலத்த நீங்க பாத்துக்கங்க.
உள்ள பதினெட்டு கக்கூஸ் இருக்கு.
தண்ணி வருது, நான் எட்டிப் பாத்தேன்.
எங்க லயத்துல இருபத்தாறு குடும்பம், ரெண்டு கக்கூஸ்,
அதுல ஒண்ணுக்குக் கதவு இல்ல.
நீங்க பேசி முடிக்கிற வரைக்கும்
அந்தச் சாவியக் குடுங்க."

தலைவர் கடிகாரம் பார்த்தார்.
கம்பனிக்காரர் என் பக்கம் குனிந்து
அம்மா என்ன சொல்கிறார் என்றார்.
சொன்னேன்.
அவர் கம்ப்யூட்டரில் பின்னுக்குப் போய்
மூடுபனிப் படத்தை
இன்னொரு தரம் பார்த்தார்.

தீர்மானம்: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
திகதி பின்னர் அறிவிக்கப்படும்.

பொருட்பட்டியல் தட்டச்சு செய்ததும் நான்தான்.
ராட்டினம், ஒன்று.
அன்னப்படகு, ஆறு; உடைந்தவை நான்கு.
திமிங்கிலம், சுவரோடு சேர்ந்தது.
பின்கேட் சாவிக்கொத்து.
விரல் கொஞ்சநேரம் நின்றது.
காணாமற் போனது என்று அடித்தேன்.
பதினோரு வருட உத்தியோகத்தில் முதற்பொய்,
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

எட்டு நாள் கழித்து, கடைசி பஸ்.
பாலம் தாண்டும்போது
யன்னல் ஈரத்தைத் துடைத்துப் பார்த்தேன்.
ராட்டினம் இருட்டு. தண்ணீர் இருட்டு.
சுவரோரம் மட்டும் மூன்று டோர்ச் வெளிச்சம்.
தென்னைகளுக்குக் கீழே
பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி.
வரிசை இல்லை.
நேரே உள்ளே போனாள்,
கதவைச் சாத்தினாள்.