ஏழாம் பிரிவு

உயரம் மூன்று மீட்டர் பத்து என்று
கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த தாளை
ஒவ்வொரு பாலத்துக்கு முன்னும்
குகதாசன் வாய்விட்டு வாசித்தார்,
நீதிமன்றத்தில் வழக்கு எண் கூப்பிடுவதுபோல.

வாடகைக்கு எடுத்த வீடு. நாலு சில்லு.
முகம் கழுவும் தொட்டி ஒரு சோற்றுக்கோப்பை அளவு.
வளைவுகளில் அலுமாரிக்குள்
கரண்டிகள் சண்டை பிடித்தன.
மேல்தட்டில் படுத்திருந்த மிதுலன்
தலை இடிபட்டதை எண்ணிக்கொண்டு வந்தான்:
லாண்ட்குவார்ட் வர ஆறு.

குளோஸ்டர்ஸில் வண்டி ரயிலில் ஏறியது.
நாங்கள் வீட்டுக்குள், வீடு ரயிலுக்குள்,
ரயில் மலைக்குள்.
கைபேசி வெளிச்சத்தில் ஆரபி
சீனிச்சம்பல் பாணைப் பிரித்தாள்.
"இப்ப எங்கட தலைக்கு மேல எவ்வளவு கல் இருக்கும்?"
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
சுரங்கம் முழுக்க வெங்காயம் மணத்தது.

செர்னெட்ஸில் ஆற்றங்கரை, இருபத்தெட்டாம் இலக்கம்.
கழிப்பறைப் பெட்டியை இழுத்தெடுத்து
உருட்டிக்கொண்டு போனேன்.
"நில்லும், நான் போறன்" என்றார் குகதாசன்,
நான் பாதித் தூரம் போன பிறகு.

காலையில் பூங்காப் பலகை:
கிள்ளாதே. எடுக்காதே. பாதையை விட்டு இறங்காதே.
நாய்க்கும் அனுமதி இல்லை.
அதற்கப்பால் காடு.

எனக்கு வந்தது கோபம்தான்.
என்ன கோலம் இது!
விழுந்த பைன் விழுந்த இடத்திலேயே,
பனிச்சரிவு கொண்டுவந்து கொட்டிய அடிமரங்கள்
கொட்டியபடியே,
பட்டை உரிந்து, எலும்பு நிறத்தில்.
பத்தொன்பது வருடம், முதியோர் இல்லம், மூன்று மாடி,
நாற்பத்திரண்டு தொட்டி.
சிவப்புத் துணி கழிப்பறைக்கு,
மஞ்சள் தொட்டிக்கு, நீலம் மேசைக்கு.
இங்கே எந்த நிறத்தில் தொடங்குவது?

காவல் பணியில் உர்சினா என்றொரு பெண்,
மிதுலனைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.
நூறு வருடத்துக்கு மேலாக
ஒருவரும் ஒன்றையும் ஒதுக்கவில்லை என்றாள்.
"ஒதுக்காமல் பார்ப்பதுதான் என் வேலை."
"அதுக்குச் சம்பளமோ?" குகதாசன்.
"குறைவு" என்று சிரித்தாள்.

மற்றவர்கள் தொலைநோக்கியில் கழுகைத் தேட
மஞ்சள் கட்டை நட்ட எல்லைக்குள்
ஒரு கல்லில் இருந்தேன்.
புள்ளி போட்ட கபில நிறப் பறவை ஒன்று
மண்ணைக் கிளறிற்று.
விதைகளைப் புதைத்து வைக்குமாம்,
ஆயிரக்கணக்கில்.
சிலதை மறந்துவிடுமாம்.
மறந்த இடத்தில்தான் மரம், என்றாள் உர்சினா,
மேலே சரிவில் நின்றதைக் காட்டி.

எனக்கு லூத்தி அம்மையார் நினைவுக்கு வந்தார்.
இரண்டாம் மாடி, பதினான்காம் அறை.
தலையணைக்குக் கீழே சீனிப் பொட்டலங்கள்,
கோப்பிக் கரண்டி, ஒருமுறை பாதி அப்பிள்.
செவ்வாய்க்கிழமைகளில் நான் எடுத்து எறிவேன்.
புதன்கிழமை திரும்பத் தொடங்குவார்.
யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பி வந்தோம்.
ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு:
உள்ளே சுத்தமாக இல்லாவிட்டால்
நூற்றியெண்பது பிராங்க்.
நான் படியில் இருந்து காலைத் தொங்கப்போட்டேன்.
குகதாசன் துடைத்தார், மேசைக்கும் அடுப்புக்கும்
ஒரே துணியால்.
பல்லைக் கடித்துக்கொண்டு
பக்கத்து வண்டியின் இலக்கத்தகட்டை வாசித்தேன்.
மூலையில் அவர் விட்ட பைன் ஊசிகள் மூன்று.
வாங்கியவன் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. பதினான்காம் அறை.
தலையணையைத் தூக்கினேன்: ஐந்து பொட்டலம்,
ஒன்று கிழிந்து விரிப்பில் சீனி.
கதிரையிலிருந்து லூத்தி அம்மையார்
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கிழிந்ததை மட்டும் எடுத்தேன்.
மற்றதன்மேல் தலையணையை வைத்து
ஒரு தட்டுத் தட்டினேன்.

மேற்பார்வையாளர் கேட்டால் சொல்ல
இன்னும் ஒன்றும் தயாரில்லை.