ஈரக் கழிவு

எண்பத்தொன்று புள்ளி நான்கு.
ஒன்பது வாரமாக அதே எண்.
குளியலறைத் தரை சமமில்லை என்று
தராசை அடுப்படிக்கு மாற்றினேன்,
அங்கிருந்து சாமி மாடத்துக்குக் கீழே.
எண்பத்தொன்று புள்ளி நான்கு.

தொண்ணூற்றுமூன்றிலிருந்து இறங்கியது
கல்லட்டி இறக்கம் மாதிரி:
வளைவுக்கு வளைவு ஒரு எண் பலகை,
முதல் கியர், காது அடைப்பு,
கீழே எங்கோ வெயில் இருக்கிறது என்ற நம்பிக்கை.
பதினோராம் வளைவைத் தாண்டியதும்
வண்டி நின்றுவிட்டது.

ஆறாம் வகுப்பில் எழுதியிருக்கிறேன்:
சுற்றிலும் உயர்ந்து மேலே தட்டையாக இருப்பது பீடபூமி.
ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்.
அதன்மேல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது
என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் அவித்த உருளை, உப்பும் மிளகும்.
மதியம் சாமைச் சோறு, அவரை, மேரக்காய்.
இரவும் உருளை.
பாலில்லை, முட்டையில்லை, நெய்யில்லை.
"கிழங்கு தின்னு இளைச்சவள நான் பார்த்ததில்ல"
என்று கோத்தகிரி முழுக்கச் சொல்லித் திரிந்த நாத்தனார்
பதினோரு கிலோவில் வாயை மூடியிருந்தாள்.
ஒன்பதாம் வாரம் திறந்தாள்.

பயத்தில் கிழங்கைக் குறைத்தேன்.
மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது.
பதினோரு மணிக்குக் கை நடுங்கியது,
எடைச்சீட்டில் ஏழு ஒன்றாகத் தெரிந்தது.

ஏனென்றால் என் தொழிலும் எடைதான்.
கட்டபெட்டுக்குக் கீழே தேயிலை ஃபேக்டரியில்
பச்சை இலை நிறுக்கிறேன்.
கொக்கியில் சாக்கு ஏறும், முள் ஆடும்.
சாக்குக்கு ஒரு கிலோ,
மழையென்றால் ஈரத்துக்கு நூற்றுக்கு எட்டு,
சிவப்பு மையில் கழிப்பேன்.
ஐப்பசி மழையில்
நஞ்சம்மாவின் ஐம்பதில் ஐந்து கழித்த அன்று
அவள் சண்டைக்கு வந்தாள்:
"என் இலைல இருக்கிற தண்ணி உனக்குத் தெரியுது.
உன் மேஜைல இருக்கிற டப்பா எந்தக் கணக்கு?
நான் வந்து நின்ன நேரத்துக்கு
மூணு தடவை கை உள்ள போச்சு."

டப்பாவில் நிலக்கடலை.
செடியில் விளைந்தது, மண்ணுக்குள் விளைந்தது,
கிழங்குக்குப் பங்காளி முறை என்று வைத்திருந்தேன்.

சாயங்காலம், ஷெட் காலியானதும்,
மாதிரி இலை நிறுக்கும் சின்னத் தராசில்
மிச்சக் கடலையைக் கொட்டினேன்.
ஒரு நாளுக்கு நூற்று எழுபது கிராம் போயிருந்தது.
பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது:
மேரக்காய்க் கூட்டில் அரைமூடித் தேங்காய்,
நாலு மணிக்கு இரண்டு வர்க்கி
(டீயில் பாலில்லை என்ற பெருமையில்
வர்க்கியின் டால்டாவை மறந்திருந்தேன்),
தாளிக்க ஒரு சொட்டு எண்ணெய்.
என் வீட்டில் சொட்டு என்பது குழிக்கரண்டி.
எல்லாம் செடி. எல்லாம் விதிப்படி.
எதற்கும் சீட்டு போடவில்லை.

கிழங்கைத் திரும்பக் கூப்பிட்டேன்.
மூன்றல்ல, ஐந்து. தோலோடு, ஆவி பறக்க.
அதில் இரண்டு ஸ்வெட்டர் பையில்:
பனியில் கைக்குக் கதகதப்பு,
பத்தரைக்கு வயிற்றுக்கு.
கடலை டப்பாவில் இப்போது குண்டூசி.
கடுகை வெறும் வாணலியில் வெடிக்கவிடப் பழகினேன்;
வீடு முழுக்கக் கருகல் வாசம்,
மகன் ஜன்னலைத் திறந்துவைத்து முறைத்தான்.

முதல் வாரம் எண்பத்தொன்று புள்ளி நான்கு.
இரண்டாம் வாரம் புள்ளி ஆறு.
ஆம், ஏறியது.
தராசை அழுக்குத்துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு
ஐந்து கிழங்கையும் தின்றேன்.
கை நடுங்கவில்லையே, அது போதும் என்றேன்.
பொய். இருந்தும் தின்றேன்.

கார்த்திகை பாதியில்
எண்பது புள்ளி ஒன்பது.
அரைக் கிலோ. ஒரு வெறும் சாக்கில் பாதி.
நாத்தனாரிடம் சொல்லவில்லை.

அன்று மழையில்லை, நஞ்சம்மாவின் இலை காய்ந்திருந்தது.
சாக்குக்கு மட்டும் கழித்தேன்.
அவள் முள்ளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள்,
பிறகு டப்பாவை.
திறந்து காட்டினேன், குண்டூசி.
சிரிக்கவில்லை.
ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு கிழங்கை நீட்டினேன்,
இன்னும் சூடு இருந்தது.
"உப்பில்லையே" என்றாள்,
வரிசை காத்திருக்க
முழுசும் தின்றாள்.