தபாலில் வந்த தங்கம்

டார்ட்டு நகரில், ஆற்றுப் பாலத்தருகே என் கடை.
கடிகாரங்கள், ராணுவப் பொத்தான்கள், செத்தவர்களின் கரண்டிகள்.
பிப்ரவரியில் ஒரு நாள் ஹெல்வெ வந்தாள்.
வட்டு எறிந்தவள்; தோள்கள் இன்னும் வாசலை அடைத்தன.
கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து
பதக்கத்தை உருவி வைத்தாள்.
வீட்டில் பாய்லர் வெடித்துவிட்டதாம்.

தராசில் போட்டேன்.
"உலோகத்துக்கு இவ்வளவு. கதை இருந்தால் மூன்று மடங்கு.
மேடையில் அழுத படம் உண்டா?"

"அழுதேன். இதற்கு அல்ல."

அன்று அவளுக்கு இரண்டாமிடம்.
மகன் தன் முதல் பல்லைப் பதித்தது
அந்த வெள்ளியில்தான்.
ஒன்பது வருடம் கழித்து
முதலிடக்காரியின் சிறுநீர்
எங்கோ ஒரு குளிர்பெட்டியில் உண்மை பேசியது.
வெள்ளியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.
அனுப்பினாள், பல்தடத்தோடு.
தங்கம் தபாலில் வந்தபோது அவள் வீட்டில் இல்லை;
பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.
கொடி ஏறவில்லை.
நாய் குரைத்தது.

"அப்படியானால் உலோக விலைதான்," என்றேன்.
"அதுவும் பெரிதாக இல்லை. மேலே ஆறு கிராம் தங்கம்,
மீதியெல்லாம் வெள்ளி."

கையுறை மாட்டிக்கொண்டிருந்தவள் நின்றாள்.
"உள்ளே வெள்ளியா?"

"வெள்ளி."

தராசிலிருந்து அதை எடுத்தாள்.
விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தாள்,
உள்ளே யாரோ இருக்கிறார்களா என்று தட்டுகிறவளைப் போல.

"மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்."

இருபத்தாறு வருடத் தொழில்.
சுரண்டுவதற்கு என்ன கூலி கேட்பதென்று
எனக்குத் தெரியவில்லை.